அண்ணன் வரைந்த தேவியர். தம்பி வரைந்த வானம்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் திருவனந்தபுரம் மியூசியம் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிற கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் இராது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்த சாலைக் கடைத்தெருப் பையன்கள், கரமனையிலிருந்தும் கோட்டைக்ககத்திலிருந்தும் குழந்தை குட்டிகளுடன் வருகிற குமாஸ்தாக்கள், ஊரிலிருந்து வந்த மாமியாருக்கு நகரைச் சுற்றிக் காட்ட வந்த மருமகன்மார் எனப் பலரும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் நேரே போவது மிருகக்காட்சி சாலைக்கு. புலியையும் நீர்யானையையும் பார்த்துவிட்டுப் புல்தரையில் உட்கார்ந்து கடலை கொறித்தால் பொழுது போய்விடும். அதே வளாகத்தில் உள்ள ஓவியக் கூடத்துக்குள் நுழைகிறவர்கள் குறைவு. நுழைகிறவர்களும், "ரவிவர்மா படம்" என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து விடுகிறார்கள்.

அப்படி வெளியே வந்தவரை நிறுத்தி, "தமயந்தி படத்தில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், அவளுடைய சிவப்புப் புடவையைச் சொல்வார், அன்னத்தைச் சொல்வார். "சகுந்தலை?" என்றால், காலில் முள் தைத்தது போலப் பாசாங்கு செய்து திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வையைச் சொல்வார். சகுந்தலைக்குப் பின்னால் நிற்கிற காட்டைப் பற்றி எவரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காட்டுக்குள் சாய்ந்து விழுகிற வெளிச்சத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கவனத்தைத் தன் பக்கம் இழுக்காமல் முன்னால் நிற்பவரை எடுத்துக் காட்டுவதுதான் பின்னணியின் வேலை. ஆனால் அந்தக் காடுகளையும் குளங்களையும் மேகங்களையும் வரைவதில் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒரு மனிதர் இருந்தார். அவர் ரவிவர்மாவின் உடன்பிறந்த தம்பி, சி. ராஜ ராஜ வர்மா. நிலக்காட்சி ஓவியர். மலையும் மரமும் நீரும் வானமுமே அவருடைய விருப்பம். ரவிவர்மாவின் புராணப் படங்களில் பின்னணி நிலக்காட்சிகள் பெரும்பாலும் இந்தத் தம்பியின் கைவண்ணம் என்பது ஓவிய வரலாறு எழுதியவர்கள் ஒப்புக்கொண்ட செய்தி.

மதுரையிலிருந்து வந்த பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே எம்.சி. ரோட்டில் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கிளிமானூர். ரவிவர்மா அங்குள்ள அரண்மனையில் 1848-இல் பிறந்தார். ராஜ ராஜ வர்மா 1860-இல் பிறந்தார். இருவருக்கும் இடையே பன்னிரண்டு வயது வித்தியாசம். சகோதரி மங்களா பாயும் ஓவியர்தான். அவர் தீட்டிய ரவிவர்மாவின் உருவப்படம் திருவனந்தபுரம் அரசு ஓவியச் சேகரிப்பில் உள்ளது. ஒரே வீட்டில் மூன்று ஓவியர்கள்!

இவர்களுக்கு வித்திட்டவர் தாய்மாமன். அவர் பெயரும் ராஜ ராஜ வர்மாதான். (மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே பெயர் என்பதால் இருவரையும் குழப்பி எழுதியவர்கள் உண்டு.) அந்த மாமன் தஞ்சாவூர் பாணியில் படம் எழுதக் கற்றவர். சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்து சேர்ந்த மதுரை ஓவியர் அழகிரி நாயுடுவே அவருக்குப் பாடம் சொன்னவர். பின்னர் 1862-இல் பதினான்கு வயதுச் சிறுவனான ரவிவர்மாவை மாமன் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு அழைத்து வந்தபோது அங்கே அரண்மனை ஓவியராக இருந்தவர் ராமசாமி நாயக்கர். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை. தைல வண்ணத்தின் ரகசியங்களை நாயக்கர் வெளியே விடமாட்டார் என்றும், ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் வந்து ரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1868-இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுக் கொடுக்கவில்லை. தாம் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தாராம்.

பிழைப்புக்காக மலை தாண்டி இந்தச் சீமைக்கு வந்த தமிழர்களின் பட்டியலில் இந்தப் பெயர்களையும் சேர்த்துக் கொள்ளலாம். இன்று வந்திருப்பவர்களுக்கும் அவர்களுக்கும் தூரிகை ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தத் தஞ்சாவூர்ப் பாடத்தில் எல்லாம் இருந்தது. தங்கரேக்கு இருந்தது, கல் பதிப்பு இருந்தது, தெய்வத்தின் முகக்களை இருந்தது. தூரம் மட்டும் இல்லை. தஞ்சாவூர்ப் படத்தில் கிருஷ்ணன் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழாது. தமிழர்களுக்கு நிலம் புதிதல்ல. குறிஞ்சி, முல்லை என்று நிலத்தை வைத்தே காதலையும் பிரிவையும் பாடியவர்கள் அவர்கள். சித்தன்னவாசல் குகையில் தாமரைக் குளத்தை மீனும் மாடுமாக எழுதி வைத்தவர்களும் அவர்களே. ஆனால் அந்தக் குளத்தில் பக்கத்து மலரும் எட்டத்து மலரும் ஒரே அளவு, ஒரே நிறம். கண்ணுக்கு எட்டாத தொலைவு வரை நிலம் போய்க்கொண்டே இருப்பது போல் காட்டும் வித்தை ஐரோப்பியரிடமிருந்து வந்தது. 1792-இல் தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்ற இரு ஆங்கில ஓவியர்கள், சிற்றப்பனும் அண்ணன் மகனுமாக, தென்பாண்டிச் சீமையில் சுற்றிப் பாபநாசம் அருவியையும் களக்காட்டு மலைகளையும் வரைந்து கொண்டு போனார்கள். லண்டனில் அவை அச்சாகி வெளிவந்தன. நம் மலையை அவர்கள் பார்த்த விதம் அது.

அந்த வித்தையை இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் வெளிச்சத்தையே வைத்துச் செய்தவர்களில் முன்வரிசைக்காரர் ராஜ ராஜ வர்மா.

மலை ஏன் நீலமாகத் தெரிகிறது?

மழை விட்ட காலை வேளையில் திருவனந்தபுரத்தின் உயரமான இடம் ஒன்றில் நின்று கிழக்கே பார்த்தால் அகத்தியர் மலை தெரியும். 1,868 மீட்டர் உயரம். பொதிகை என்று தமிழர்கள் கொண்டாடும் மலைத்தொடரின் சிகரம். அதற்கு அந்தப் பக்கம் பாபநாசம். இந்தப் பக்கம் திருவனந்தபுரம். அருகே போனால் பச்சைப் பசேல் என்று இருக்கிற மலை, இங்கிருந்து பார்க்கும்போது நீலமாக, சில நாட்களில் வெறும் சாம்பல் கோடாகத் தெரிகிறது. நடுவே நிற்கிற காற்றும் ஈரமும்தான் காரணம். தூரம் கூடக் கூட நிறம் வெளுக்கும், ஓரங்கள் மங்கும், நிழலும் வெளிச்சமும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். நிலக்காட்சி ஓவியனின் முதல் பாடம் இது. பச்சை மலையைப் பச்சையாகவே தீட்டினால் அது கொல்லைப்புறத்து வேலியில் ஒட்டி வைத்தது போல் நிற்கும். நீலத்தையும் சிறிது வெள்ளையையும் கலந்து மங்கலாகத் தீட்டினால் பல மைல் பின்னால் போய்விடும்.

சொல்வது சுலபம். மலைநாட்டு வெளிச்சம் அரை மணி நேரம் ஒரே மாதிரி நிற்பதில்லை. இடவப்பாதி மழைக்காலத்தில் ஒரு மேகம் கடந்தால் தென்னந்தோப்பு கறுத்துவிடும். மேகம் விலகினால் ஓலைகள் கண்ணாடித் துண்டு போல் மின்னும். தைல வண்ணமோ உலர நாட்கள் எடுக்கும் பொருள். ஈரக் காற்றில் இன்னும் அதிக நாட்கள். ஆகவே வெளியில் உட்கார்ந்து பெரிய கான்வாஸில் முழுப் படத்தையும் எழுதி முடிப்பது நடக்கிற காரியம் அல்ல. இந்தப் பாணி ஓவியர்கள் கையாண்ட முறை வேறு. சிறிய நோட்டில் பென்சிலால் இடத்தைக் குறித்துக் கொள்வார்கள். மரத்தின் கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, பாறையின் நிழல் எங்கே விழுகிறது, அடிவானம் தாளில் எந்த உயரத்தில் வருகிறது என்று கோடுகளால் குறிப்பார்கள். முடிந்தால் சிறு அட்டையில் அவசர அவசரமாக நிறத்தையும் பிடித்து வைப்பார்கள். பிறகு சித்திரசாலைக்குத் திரும்பி, குறிப்பையும் ஞாபகத்தையும் வைத்துப் பெரிய படத்தைத் தொடங்குவார்கள். முதலில் வானம், அடுத்துத் தொலைவு மலை, அதன் பின் நடுத்தர தூரத்து மரங்கள், கடைசியாகக் காலடியில் கிடக்கிற கல்லும் புல்லும் என்று பின்னாலிருந்து முன்னால் வருவதே வழக்கம். ரவிவர்மாவின் பென்சில் குறிப்புகள் மியூசியம் சேகரிப்பில் இருக்கின்றன. புகழ் பெற்ற தைல ஓவியங்களைவிட அந்தப் பென்சில் கோடுகளைப் பார்ப்பதற்குச் சுவாரசியம் அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. தொழில் எப்படி நடந்தது என்பது அங்கேதான் தெரிகிறது.

அண்ணன் தம்பி இருவரும் போட்டோக்களையும் பயன்படுத்தினார்கள். இறந்துபோன அரசர்களின் உருவத்தை வேறு எப்படி வரைவது? ஆனால் அக்காலத்துப் போட்டோ கறுப்பு வெள்ளை. மாலை வானத்தின் நிறத்தை அதில் தேட முடியாது. நிறத்துக்கு நேரில் போய் நிற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே பயணம்தான் நிலக்காட்சி ஓவியரின் மூலதனம். ராஜ ராஜ வர்மாவுக்கு அது நிறையவே கிடைத்தது. 1881-இல் பரோடா மகாராஜா சாயாஜி ராவ் முடிசூடியபோது சகோதரர்கள் இருவரும் அங்கே போனார்கள். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பின்னர் பரோடாவில் திவானான சர் டி. மாதவ ராவ்தான் இந்தத் தொடர்புக்குக் காரணம். 1888-இல் அதே மகாராஜா பதினான்கு புராணப் படங்களுக்கு உத்தரவு கொடுத்தார். நளன், சந்தனு, விசுவாமித்திரர் ஆகியோர் எந்த உடையில் இருந்தார்கள், எந்த ஊரில் நின்றார்கள் என்பதற்கு ஆதாரம் தேடி இருவரும் வட இந்தியா முழுவதும் சுற்றினார்கள். தேடிப் போன பழைய உடை எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் புடவையே நின்றது. ஆனால் கங்கைச் சமவெளியையும் ராஜஸ்தானத்துக் கோட்டைகளையும் இளையவர் கண்ணால் பார்த்துவிட்டார். 1901-இல் மகாராணாவின் அழைப்பில் உதயப்பூருக்குப் போனபோது, அண்ணன் ராணா பிரதாப்பின் உருவத்தைத் தீட்ட, ஏரியும் வெள்ளை அரண்மனையுமான அந்த ஊர் தம்பியின் தூரிகைக்கு விருந்தாக அமைந்தது.

அந்தக் காலத்துப் பயணத்தை இன்றைய பயணமாக நினைத்து விடக்கூடாது. திருவனந்தபுரத்துக்கு அப்போது ரயில் கிடையாது. வடக்கே போக வேண்டுமென்றால் காயல் வழியாகப் படகில் போய்ப் பின்னர் மலபார் பக்கம் ரயிலைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாக மாட்டு வண்டியில் திருநெல்வேலி போக வேண்டும். திருநெல்வேலிக்கு 1876-இல் ரயில் வந்துவிட்டது. செங்கோட்டை, கொல்லம் ரயில் பாதை 1904-இல்தான் திறந்தது. இன்று தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஆரல்வாய்மொழிக் கணவாயில் அன்று வண்டி மாடு நடக்கிற வேகத்தில்தான் மலை நகர்ந்தது. ஓவியனுக்கு அந்த வேகம் நஷ்டமல்ல.

படமும் எழுதி, கணக்கும் எழுதி

இனிமேல் வருகிற செய்தி குமாஸ்தா வேலை பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் புரியும்.

ராஜ ராஜ வர்மா ஓவியர் மட்டும் அல்லர். அண்ணனுக்குக் காரியதரிசியும் அவரே, கணக்கரும் அவரே. சமஸ்தானங்களோடு கடிதப் போக்குவரத்து, கண்காட்சிகளுக்குப் படம் அனுப்புவது, வரவேண்டிய பணத்துக்கு நினைவூட்டுவது, பிரயாண ஏற்பாடு எல்லாம் இளையவரின் பொறுப்பு. ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி உள்ளவர். 1895 முதல் அவர் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதி வந்தார். 2005-இல் அது புத்தகமாக வெளிவந்தது. எந்த ஊரில் தங்கினார்கள், யாரைச் சந்தித்தார்கள், எந்தப் படம் எந்த நிலையில் இருக்கிறது, பம்பாயில் என்ன நாடகம் பார்த்தார்கள் என்று ஓவியர் வாழ்க்கையின் அன்றாடம் அதில் இருக்கிறது. ரவிவர்மாவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த பல விஷயங்களுக்கு மூலம் தம்பியின் இந்த நோட்டுப் புத்தகம்தான். தம்பியைப் பற்றி அதுபோல் யாரும் எழுதி வைக்கவில்லை.

காத்திருப்பும் அந்த வாழ்க்கையில் நிறைய உண்டு. 1902-இல் சகோதரர்கள் ஐதராபாத் போனார்கள். பிரபல போட்டோக்காரர் ராஜா தீன் தயாள் அவர்களை உபசரித்தார். நிஜாமின் ஆதரவு கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. அது எதிர்பார்த்தபடி கைகூடவில்லை. அரண்மனை வாசலில் காத்துக் கிடப்பதும் ஆபீஸ் வராந்தாவில் காத்துக் கிடப்பதும் ஒன்றுதான் போலும்.

இவ்வளவு வேலைக்கும் நடுவில் தம் சொந்தப் படங்களையும் அவர் தீட்டினார். தம் பெயரிலேயே கண்காட்சிகளுக்கு அனுப்பினார், பரிசும் வாங்கினார். ஆனால் நிலக்காட்சிக்கு அந்த நாளில் யார் பணம் கொடுப்பார்கள்? மகாராஜாவுக்குத் தம் உருவப்படம் வேண்டும். மகாராணியின் உருவப்படம் வேண்டும். அதற்கு அடுத்தபடி ராமனும் கிருஷ்ணனும் வேண்டும். யாரும் இல்லாத வயல்வெளியையும் ஆள் நடமாட்டம் இல்லாத ஏரிக்கரையையும் விலை கொடுத்து வாங்கித் தர்பார் மண்டபத்தில் மாட்டுகிற வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. குடும்பத் தொழில் நடக்க வேண்டுமானால் உருவப்படம் நடக்க வேண்டும். வயலும் ஏரியும் உருவத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அப்படித்தான் நடந்தது.

இதை அண்ணன் செய்த அநியாயம் என்று எடுத்துக் கொள்வது சரியல்ல. இருவரும் ஒரே சித்திரசாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். ஓரிடத்தில் அண்ணன் கை எங்கே முடிகிறது, தம்பி கை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கலந்த உழைப்பு அது. ஆனால் உலகம் ஒரு பெயரைத்தான் ஞாபகம் வைத்துக் கொள்கிறது. பெரிய தாலுகா ஆபீஸில் கோப்பை எழுதுகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர் என்று இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

கல்லில் ஏறிய வானம்

1894-இல் சகோதரர்கள் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில் தெரிந்த ஆட்களும் வந்தார்கள். லட்சுமி, சரஸ்வதி படங்கள் அங்கே அச்சாகி நாடெங்கும் போயின. தாமரை மேல் நிற்கிற லட்சுமி, பக்கத்தில் மாலை ஏந்திய யானை, பின்னால் குளமும் மரமும் வானமும். பாறை மேல் வீணையுடன் சரஸ்வதி, பக்கத்தில் மயில், பின்னால் நீர்வெளி. இந்தப் படங்களைப் பார்க்காத தமிழர் வீடு இருக்கிறதா?

அந்த அச்சு வேலை சாதாரணமானதல்ல. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கையால் படத்தை எழுத வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். தாள் ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை கல்லிலும் அழுந்தி வர வேண்டும். ஓர் இழை நகர்ந்தாலும் தேவியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். இதில் மிகவும் கஷ்டம் வானம். புடவைக்கு ஓரம் உண்டு. வானத்துக்கு ஓரம் கிடையாது. அடியில் வெளுப்பாகத் தொடங்கி மேலே போகப் போக நீலமாகிற அந்த மாற்றத்தை ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகளாகக் கல்லில் குத்தி வைத்தார்கள். கான்வாஸில் மெல்லத் தேய்த்து வரவழைத்த தூரம், கடைத்தெருப் படத்தில் புள்ளியாக வந்து சேர்ந்தது. கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது. தஞ்சாவூர்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தெய்வம் முதல் தடவையாகத் திறந்த வெளியில், குளத்தங்கரையில், ஜனங்களின் வீட்டுச் சுவருக்கு வந்தது.

தொழிலாக அச்சகம் வெற்றி பெறவில்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. பணமுடை வேறு. 1899-இல் அச்சகத்தை லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாற்றினார்கள். சில ஆண்டுகளில் ஷ்லைகர் என்ற ஜெர்மானியர் கைக்கு அது விற்கப்பட்டுவிட்டது.

எனினும் விதை விழுந்துவிட்டது. பிற்காலத்தில் கோவில்பட்டியில் தங்கி வேலை செய்த சி. கொண்டைய ராஜு (1898-1976) போன்றவர்கள் தீட்டி, சிவகாசி அச்சகங்களில் இலட்சக்கணக்கில் அச்சாகிய காலண்டர் படங்களைப் பாருங்கள். கொண்டைய ராஜு நாடகத் திரைச்சீலைகள் எழுதியவர். அவருடைய பாணி வேறு, ரவிவர்மாவின் பாணி வேறு. ஆனால் தெய்வத்துக்குப் பின்னால் ஒரு குளம், குளத்துக்குப் பின்னால் மலை, மலைக்கு மேல் விடிகிற வானம் என்ற ஏற்பாடு இந்த வழியில் வந்ததே. சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற லட்சுமி படத்தில் அந்தக் கிளிமானூர்த் தம்பியின் நிழல் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது.

நாற்பத்தைந்து நிறையவில்லை

1904-இல் மைசூர் அரண்மனைக்குப் புராணப் படங்கள் வரைகிற பெரிய வேலை கிடைத்தது. அந்தக் காலகட்டத்தில்தான் ராஜ ராஜ வர்மா நோய்வாய்ப்பட்டார். 1905 ஜனவரியில் பெங்களூரில் காலமானார். வயது நாற்பத்தைந்து நிறையவில்லை.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. நீரிழிவு அவரை வாட்டிக் கொண்டிருந்தது. ஒப்புக்கொண்ட வேலையை விடக்கூடாது என்று மைசூர்ப் படங்களை முடித்தார். 1906-இல் முடிந்த அந்த வரிசையில் ஒன்று, இராமன் கடல் அரசன் மேல் சினந்து நிற்கிற காட்சி. பாறை மேல் வில்லுடன் இராமன். எதிரே கொந்தளிக்கிற கடல். மேலே கறுத்த வானம். அந்தப் படத்தில் பாதிக்கு மேல் இயற்கைதான். மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். கடலும் மேகமும் தம்பியின் பங்காக இருந்த வீட்டில், தம்பி இல்லாத நாளில் அது முடிவு பெற்றது.

அதே 1906 அக்டோபர் 2-ஆம் தேதி கிளிமானூரில் ரவிவர்மா மறைந்தார்.

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ஸ்ரீசித்திரா ஓவியக் கூடம் 1935-இல் திறக்கப்பட்டது. திறந்து வைத்த சித்திரைத் திருநாள் மகாராஜா ரவிவர்மாவின் கொள்ளுப்பேரன். கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அதற்காகப் பாடுபட்டார். ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் தீட்டிய இமயமலைப் படங்களும் அந்தச் சேகரிப்பில் சேர்ந்தன. ஊதா, நீலம், வெண்மை. மலை மட்டுமே, மனிதன் இருந்தாலும் எறும்பளவு. நிலக்காட்சி என்பது யாருக்கும் பின்னணி அல்ல, அதுவே படம் என்று அடித்துச் சொல்கிற படங்கள் அவை. ராஜ ராஜ வர்மா இருபது முப்பது ஆண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால் அவருக்கும் அந்தத் தைரியம் வந்திருக்குமோ என்னவோ.

2023 செப்டம்பர் 25-இல் அதே வளாகத்தில் ரவிவர்மாவுக்கென்றே தனிக் கட்டிடம் திறக்கப்பட்டது. சகுந்தலையும் தமயந்தியும் இப்போது அங்கேதான். ராஜ ராஜ வர்மாவின் படங்களும் மங்களா பாயின் படமும் உடன் உள்ளன. பெயர்ப் பலகையை வாசிக்காமல் போகிறவர்கள் எல்லாவற்றையும் ரவிவர்மா கணக்கிலேயே எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆகவே சட்டத்துக்கு அருகே உள்ள சிறு எழுத்தை ஒரு நிமிஷம் நின்று படிப்பது நல்லது. சகுந்தலைக்கு முன்னால் நிற்கும்போது முகத்தை ஒரு முறை கையால் மறைத்துக் கொண்டு, மரங்களை மட்டும் பார்க்கலாம். அவை கண்வ முனிவரின் இமயமலைச் சாரல் மரங்களாகத் தெரியவில்லை. தென்மலைக்கும் குளத்துப்புழைக்கும் இடையே பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருக்கக்கூடிய ஈரமும் நிழலுமாக இருக்கின்றன.

மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கிளிமானூருக்குப் போக நினைப்பவர்கள் தம்பானூரிலிருந்து எம்.சி. ரோடு வழியாகக் கொட்டாரக்கரை போகிற எந்தப் பஸ்ஸிலும் ஏறலாம். வழியில் வெஞ்ஞாறமூடு தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே போகலாம். ராஜ ராஜ வர்மா காலத்தில் இல்லாத ரப்பர் மரங்கள் இப்போது சரிவெல்லாம் நிற்கின்றன. கருங்கல் பாறைகளும், அவற்றுக்கு மேல் மழைக்கு முன் வந்து நிற்கிற வானமும் பழையபடிதான்.